‘எக்ஸ்பயர்ட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

அடுத்த மாதம் லண்டனில் நர்ஸ் வேலையில் சேர்கிறேன், என்ன கோட்டு வாங்குவது, குக்கர் கொண்டுவரலாமா, நோயாளி இறந்தால் வீட்டாரிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. கோட்டை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். குக்கர் உங்கள் இஷ்டம். கடைசிக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

2003-ல் மதுரையிலிருந்து வந்த புதிது. ஊரில் கேஸ் ஷீட்டில் எழுதிப் பழகிய வார்த்தை ‘எக்ஸ்பயர்ட்’. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பெரியவரின் மகளுக்குப் போன் போட்டு அதையே சொன்னேன். “எது எக்ஸ்பயர் ஆச்சு?” என்றார் அந்த அம்மா. இங்கே அது பாலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் உள்ள வார்த்தை.

சரி, ‘வீ லாஸ்ட் ஹிம்’ என்று மாற்றிக்கொண்டேன். மறதி நோயாளிகள் எழுந்து நடந்துவிடுகிற வார்டு அது. “தேடினீர்களா?” என்று கேட்டார் ஒரு மகன். ‘பாஸ்ட் அவே’ துக்க அட்டைக்கு நல்லது. தூக்கத்தில் போனை எடுப்பவர் காதில் சரியாக விழாது. ‘டைட்’ (died) என்றே சொல்லுங்கள். இங்கே பயிற்சியிலும் அப்படித்தான் சொல்லித்தருவார்கள். ‘தவறிட்டார்’, ‘காலமானார்’ என்று பழகிய நமக்கு நாக்கு கூசும், பழகிவிடும். கூடவே ‘ஐ யம் சோ சாரி’. தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று ஒரு வருஷம் அதைச் சொல்லாமலே திரிந்தேன். அது மன்னிப்பு இல்லை, துக்கம் விசாரிப்பது.

‘கிக்ட் த பக்கெட்’, ‘பாப்ட் ஹிஸ் க்ளாக்ஸ்’ எல்லாம் சொல்லித்தர நம் சீனியர்கள் சிலர் வருவார்கள். வெள்ளைக்காரர் மாதிரி பேசுகிற பெருமை. ‘மண்டையைப் போட்டான்’ என்று நீங்கள் துக்க வீட்டில் சொல்வீர்களா?

ஆனால் வார்டுக்குள் பேசுவதைப் புரிந்துகொள்ள வேண்டும். ‘லாஸ்ட் ஆஃபீசஸ்’ செய்துவிட்டு வா என்றார் சிஸ்டர். எந்த மாடி ஆபீஸ் என்று தேடினேன். உடலைத் துடைத்து, துணி சுற்றி, பெயர்ச்சீட்டுக் கட்டுவதற்குப் பெயர் அது. பக்கத்து வார்டுக்காரர் ‘ரோஸ் காட்டேஜ்’ போய்விட்டார் என்று ஒரு போர்ட்டர் சொன்னபோது, நல்ல முதியோர் இல்லம் போல என்று நினைத்து, “லக்கி மேன்” என்றேன். மற்ற நோயாளிகள் பயப்படாமலிருக்கப் பிணவறைக்கு வைத்த பெயராம்.

அந்த சிஸ்டர், மூச்சு நின்றதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பார். வாடைக்கா என்று கேட்டேன். “உயிர் வெளியே போக வேண்டாமா?” என்றார். அவர் ஓய்வு பெற்று வெகு காலமாகிறது. இப்போதைய ஜன்னல்கள் பாதுகாப்புக்காக நாலு அங்குலத்துக்கு மேல் திறக்காது. அந்த நாலு அங்குலத்தைத் திறந்துவிட்டுத்தான் நான் வெந்நீர் எடுக்கப் போவேன்.