முதலில் வந்த குதிரையை இரண்டாவதாக இறக்கியது ஏன்?

கேள்வி: ஹாங்காங் ஷா டின் பந்தயத்தில் 20 வெள்ளி ‘வின்’ (குதிரை முதலிடம் பிடித்தால்தான் பணம்) கட்டினேன். என் குதிரை தலை வித்தியாசத்தில் முதலில் வந்தது. உடனே திரையில் ‘இன்குவயரி’ (விசாரணை) என்று போட்டு, சிறிது நேரத்தில் அதை இரண்டாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். பந்தயத்தை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்கிறார் நண்பர். முறையிட்டால் பணம் கிடைக்குமா? – சிங்கப்பூர் ஈசூன் வாசகர்

பதில்: கிடைக்காது. ஆனால் உங்களை யாரும் ஏமாற்றவும் இல்லை. குதிரை கோட்டைத் தாண்டிய வரிசை வெறும் தற்காலிக முடிவுதான். ஜாக்கிகள் (குதிரையோட்டிகள்) சேணத்தோடு தராசில் ஏறி எடை சரிபார்த்து, ஸ்டுவர்டுகள் எனப்படும் பந்தய நடுவர்கள் ‘சரி’ என்று அறிவித்த பிறகுதான் பணம் பட்டுவாடா ஆகும். அதுவரை டிக்கெட்டைக் கிழிக்காதீர்கள். தோற்றதாக நினைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, முடிவு மாறியதும் தேடுகிறவர்கள் உண்டு.

உங்கள் குதிரை கடைசி நேரத்தில் விலகிப்போய்ப் பக்கத்துக் குதிரையை இடித்திருக்கும், அல்லது அதன் பாதையை மறித்திருக்கும். ஸ்டுவர்டுகள் முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களைப் போட்டுப் பார்ப்பார்கள், இரு ஜாக்கிகளையும் விசாரிப்பார்கள். அவர்கள் தீர்மானிப்பது ஒன்றுதான்: இடி விழாவிட்டால் பின்னால் வந்த குதிரை முந்தியிருக்குமா? தலை வித்தியாசம் என்றால் முந்தியிருக்க வாய்ப்பு அதிகம். மூன்று குதிரை நீளம் முன்னால் ஜெயித்திருந்தால் முடிவு அப்படியே நிற்கும், தவறு செய்த ஜாக்கிக்கு மட்டும் தடை விழும். அமெரிக்காவில் பல இடங்களில் விதி இதைவிடக் கடுமை. அதை இங்கே கலக்க வேண்டாம்.

பலரும் குழம்பும் இடம் இன்னொன்று: ஊக்கமருந்துச் சோதனை. ஜெயித்த குதிரையிடம் எடுக்கும் சிறுநீரையும் ரத்தத்தையும் இரண்டு பகுதியாகப் பிரித்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சமையல் சோடாக் கரைசலைக் குழாய் வழியாக வயிற்றில் இறக்கினால் குதிரை களைப்பது தள்ளிப்போகும் என்பது பழைய தந்திரம். அதைப் பிடிக்கத்தான் ரத்தத்தில் கார்பன் டையாக்சைடு அளவு லிட்டருக்கு 36 மில்லிமோலைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பந்தயத்துக்கு முன்பும் ரத்தம் எடுப்பதுண்டு. ஆனால் முழு ஆய்வு முடிய நாளாகும். பிறகு மருந்து இருந்தது தெரிந்தால் குதிரை தகுதி இழக்கும், உரிமையாளரின் பரிசுப் பணமும் போகும். உங்கள் டிக்கெட் மட்டும் மாறாது. அந்தக் குதிரையில் ஜெயித்தவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இரண்டாவது வந்த குதிரையில் கட்டியவருக்கு ஒரு காசும் வராது. அநியாயம்போலத் தோன்றும். ஆனால் கொடுத்த பணத்தை வாரம் கழித்து வசூலிக்க முடியுமா?

2024 அக்டோபர் 5 அன்று சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. இப்போது நாம் கட்டுவதெல்லாம் வெளிநாட்டுப் பந்தயங்களுக்கு. விசாரணை நடக்கும் இடம் ஒன்று, டிக்கெட் விற்கும் இடம் வேறு. திரையில் ஒற்றைச் சொல் மின்னும். என்ன நடந்தது என்று தமிழில் சொல்ல ஆளில்லை. டிக்கெட் விற்பவர்கள் நம்மிடம் பணம் வாங்கும்போது இருக்கும் சுறுசுறுப்பில் கால்வாசியை விளக்குவதில் காட்டினால் குறைந்தா போய்விடும்? ஸ்டுவர்டுகளின் அறிக்கை ஹாங்காங் ஜாக்கி கிளப் இணையத்தளத்தில் பந்தய எண் வாரியாக வரும். உங்கள் குதிரையின் பெயர் வரும் வரிகளை மட்டும் யாரையாவது வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்தக் கோபத்தில்தான் வாட்ஸ்அப் ஆசாமிகள் வலை வீசுவார்கள்: “லாயத்திலிருந்து தகவல் வருது, 200 வெள்ளி கொடுங்க.” 12 குதிரை ஓடும் பந்தயத்தில் 12 குழுவுக்கு ஆளுக்கொரு குதிரையைச் சொல்வான். ஏதோ ஒரு குழு ஜெயிக்கும். அடுத்த வாரம் அவர்களிடம் இரட்டிப்பாகக் கேட்பான். மற்ற 11 குழுவை முடக்கிவிட்டுப் போவான்.

உரிமம் இல்லாமல் பந்தயப் பணம் வாங்கி, கடனுக்கும் கட்டச்சொல்லும் புக்கி இன்னும் மோசம். அவனிடம் ‘இன்குவயரி’ வந்தால் தனக்கு வசதியான முடிவையே சொல்வான், நீங்கள் போலீசிலும் புகார் சொல்ல முடியாது. உரிமம் இல்லாதவனிடம் கட்டுவது உங்கள் மேலேயே குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.