பேய்க்கதை எழுதிச் சீவிக்கலாமா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

திகில் கதையும் டார்க் ஃபேன்டஸி என்ற இருண்ட மாயக்கதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அதில் வருமானம் பார்க்கிறவள் நான். இந்தத் தொழில் பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். மாவட்டத்தின் நாலா பக்கமும் இருந்து வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

உப்புவெளி, பல்கலைக்கழக மாணவி: அக்கா, பேய்க்கதை எழுதி மட்டும் சீவிக்கலாமா? வீட்டில் "கவர்மென்ட் உத்தியோகத்துக்குப் படி" என்று ஒரே சத்தம்.

சிறுகதையை மட்டும் நம்பினால் முடியாது தங்கச்சி. அமெரிக்காவின் எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. என்ற அறிவியல் புனைவு, மாயப்புனைவு எழுத்தாளர் சங்கம் 2019இல் தொழில்முறைக் கூலியைச் சொல்லுக்கு 8 அமெரிக்கச் சதம் என்று உயர்த்தியது. அந்தக் கணக்கில் 3000 சொல் கதைக்கு 240 டொலர். நம் காசில் நல்ல தொகைதான். ஆனால் அப்படித் தரும் இதழ்கள் கொஞ்சம், அவற்றின் வாசலில் நிற்பவர்கள் உலகம் முழுக்க. சொல்லுக்கு 1 சதம் தரும் இதழில் அதே கதைக்கு 30 டொலர்தான் வரும்.

மாதச் செலவுக்குக் கைகொடுப்பது வேறு வேலை: ஒலித்தொடர்களுக்கு வசனம், யூடியூப் திகில் சேனல்களுக்குக் கதை, கணனி விளையாட்டுகளுக்கு எழுத்து, இன்னொருவர் பெயரில் எழுதிக்கொடுப்பது. சிறுகதை உங்களுக்குப் பெயர் தேடித்தரும், மற்றவை அரிசி வாங்கித்தரும். உத்தியோகம் கிடைத்தால் எடுங்கள். வீட்டு வாடகைக்குத் தவிக்கிறவர் எந்த ஒப்பந்தம் வந்தாலும் வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிடுவார். அந்த நிலைமைக்கு நீங்கள் வரக் கூடாது.

மூதூர், வாசகர்: தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

எந்த மொழியில் உங்களுக்குப் பயம் வருகிறதோ அதில். தமிழில் பிரதிலிபி, கிண்டில், ஒலித்தொடர்ச் செயலிகள் இருக்கின்றன. அங்கே தொடர்கதைக்குத்தான் மதிப்பு. வாசகரை அடுத்த அத்தியாயத்துக்கு இழுக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் நைட்மேர், தி டார்க், ஏபெக்ஸ் போன்ற இதழ்கள் ஒற்றைக் கதைக்குச் சொல் கணக்கில் காசு தருகின்றன. எந்த இதழ் எப்போது கதை வாங்குகிறது, என்ன தருகிறது என்பதை சப்மிஷன் கிரைண்டர் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு இதழின் விதிமுறையையும் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி அனுப்பலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2023 பெப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற ஆங்கில அறிவியல் புனைவு இதழ் இயந்திரக் கதைகள் வந்து குவிந்ததால் கதை வாங்குவதையே சில காலம் நிறுத்தியது. இப்போது பல இதழ்கள் அப்படிப்பட்ட கதைகளை ஏற்பதில்லை.

இலங்கைக்காரருக்கு ஆங்கில எழுத்துலகில் இடமிருக்கிறதா என்ற தயக்கம் தேவையில்லை. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர தன் முதல் நாவலுக்கே, அறிவியல் புனைவுக்கும் மாயப்புனைவுக்கும் அமெரிக்காவில் தரப்படும் நெபியுலா விருது வாங்கினார்.

தம்பலகாமம், தம்பி ஒருவர்: என் கதையின் தொடக்கத்தைப் பாருங்கள் அக்கா: "நள்ளிரவு பன்னிரண்டு மணி. அமாவாசை இருட்டு. தூரத்தில் நாய் ஊளையிட்டது. பாழடைந்த பங்களாவின் கதவு கிரீச்சென்று திறந்தது." எல்லா இடத்திலும் திருப்பி அனுப்புகிறார்கள்.

தம்பி, இதில் உங்கள் பயம் எங்கே? சினிமாவில் பார்த்த பயம்தான் இருக்கிறது. தம்பலகாமத்து வயல்வெளியில் பங்களா ஏது? இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், வாய்க்கால் கரையில் எந்த இடத்தில் நடையைக் கூட்டுவார் என்று. கதை அங்கே இருக்கிறது.

கன்னியா வெந்நீரூற்றை எடுத்துக் காட்டுகிறேன். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று நாம் சொல்வது. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒருவன் தகப்பனின் அந்தியேட்டிக்கு அங்கே போகிறான். நல்ல பகல், சனம் நிறைந்திருக்கிறது. முதல் கிணற்றில் வாளியை விட்டு அள்ளி ஊற்றுகிறான், சூடு. அடுத்ததில் இன்னும் சூடு. ஐந்தாவதில் அள்ளிய தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஐயா அதே கிணற்றில் அள்ளி, "ஆ, என்ன கொதி" என்று காலைத் தூக்குகிறார். இவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் வாளியை விடுகிறான்.

நாயும் இல்லை, அமாவாசையும் இல்லை. வாசகருக்குத் தெரிந்த ஒன்றை, சூடாக இருக்க வேண்டிய தண்ணீரை, மட்டும் மாற்றினேன். அதற்கு முதல் இரண்டு கிணற்றிலும் அவரைச் சூட்டுக்குப் பழக்கிவிட்டேன். பழக்காமல் மாற்றினால் பயம் வராது. அவன் ஓடாமல் திரும்பவும் அள்ளுகிறானே, அதில்தான் வாசகர் மாட்டிக்கொள்கிறார். அப்பா ஏதோ சொல்ல வருகிறார் என்று அவனுக்குப் பட்டுவிட்டது. இனி வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருப்பாரா?

கிண்ணியா, ஆசிரியர்: ஜின்களை வைத்துக் கதை எழுத ஆசை. எங்கள் சனம் கோபிக்குமா?

நம்பிக்கையைச் சரியாக எழுதினால் கோபிக்க மாட்டார்கள் சேர். ஜின் என்பது செத்தவரின் ஆவி இல்லை. புகையில்லா நெருப்பில் படைக்கப்பட்ட தனிப் படைப்பு, அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. வெளியார் எழுதும் கதைகளில் இதைப் பேயோடு குழப்பிவிடுகிறார்கள். குழப்பாமல் எழுத உங்களால் முடியும், அதுதான் உங்கள் பலம். நான் எழுதினால் அது கேட்டறிந்த ஜின்னாக இருக்கும், அதனால் நான் தொடுவதில்லை. நான் எழுதுவது கொத்தி. பிள்ளைப்பேற்று நேரத்தில் தாயையும் சிசுவையும் தேடி வரும் பேய் அது. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் பேற்றில் செத்த பெண்களை நினைத்தால் அந்தப் பேய் எங்கிருந்து பிறந்தது என்று விளங்கும். பேயை எடுக்கும்போது அதைப் பெற்ற பயத்தையும் சேர்த்து எடுங்கள்.

சம்பூர், வாசகி: எங்கள் குடும்பத்தில் ஒருவர் காணாமல் போனவர். அதை வைத்துப் பேய்க்கதை எழுதுவது பிழையா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். உங்கள் இழப்பை எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். காணாமல் போனவரைப் பேயாகக் கொண்டுவந்தால், அவர் செத்துவிட்டார் என்று கதை தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. படத்தைக் கையில் ஏந்தி இன்னும் வீதியில் நிற்கும் அம்மாமார் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. உங்கள் வீட்டிலும் ஏற்காதவர் ஒருவர் இருக்கலாம். அவர் வாசிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

பேய் வராமலே அந்தக் கதை நடுங்க வைக்கும். இரவில் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட விடாத ஒரு தாய் போதும். போரையும் ஆவியையும் சேர்த்துக் கனதியாக எழுத முடியும் என்பதற்கு 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவல் சாட்சி. அதில் கதை செத்தவனைச் சுற்றியே நடக்கிறது. வெளிநாட்டு இதழாசிரியர் எவராவது "இன்னும் கொஞ்சம் இரத்தம் சேர்த்தால் நல்லது" என்று கேட்டால் கதையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். 2004 சுனாமியில் போனவர்களுக்கும் இதே மரியாதைதான். உண்மைப் பெயர் வேண்டாம், அடையாளம் தெரியும் வீடு வேண்டாம்.

நகரம், வாசகர்: டார்க் ஃபேன்டஸி என்றால் கோட்டையும் வாளும் டிராகனும்தானே?

கோட்டை வேண்டுமென்றால் பிரெட்ரிக் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள், மான் மேய்கிறது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கோயிலின் கற்களை 1956இல் அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடித் தோழர் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் கடலுக்குள் கண்டார்கள். சீனக்குடாவில் 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் மோதி எரிந்த எண்ணெய்த் தாங்கி இருக்கிறது. கடலுக்கடியில் பூசை நடக்கும் கோயில் ஒன்றைக் கற்பனை செய்ய இதைவிட என்ன வேண்டும்? திகிலில் நம் உலகத்துக்குள் ஒரு பிசகு நுழைகிறது. டார்க் ஃபேன்டஸியில் உலகமே வேறு விதியில் நடக்கிறது, அந்த விதிக்கு ஒரு விலையும் இருக்கிறது. யார் அந்த விலையைக் கொடுக்கிறார் என்று தெரியாமல் எழுதத் தொடங்காதீர்கள்.

நிலாவெளி, இளைஞர்: ஒரு நிறுவனம் என் தொடரைக் கேட்கிறது. ஒப்பந்தத்தில் "எல்லா ஊடகங்களிலும், எல்லா மொழிகளிலும், நிரந்தரமாக" என்று இருக்கிறது. கையெழுத்து வைக்கலாமா?

அந்த வரி உங்கள் கதையை முழுசாக விற்கும் வரி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 70 வருடம் நிற்கும். அவ்வளவு நீண்ட சொத்தைச் சிறு தொகைக்குக் கொடுக்க வேண்டாம். ஒலி உரிமை மட்டும், தமிழில் மட்டும், இத்தனை வருடத்துக்கு மட்டும் என்று திருத்திக் கேளுங்கள். மறுத்தால், முழு விலைக்குத் தகுந்த காசு தருகிறார்களா என்று பாருங்கள். தந்தால் உங்கள் மனதுக்கு மிக நெருங்கிய கதையை வைத்துக்கொண்டு வேறொன்றை எழுதிக்கொடுங்கள்.

வாசிப்புக் கட்டணம், அச்சுச் செலவில் பங்கு என்று உங்களிடம் காசு கேட்பவரிடம் போகவே வேண்டாம். ரைட்டர் பிவேர் தளத்தில் இப்படிப்பட்ட ஏமாற்றுகளைப் பதிந்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

பலர்: காசு எப்படி வந்து சேரும்?

இலங்கையில் இருந்துகொண்டு பேபாலில் காசு பெறுவது நெடுநாள் சிக்கல். கதை ஏற்கப்பட்டதும் பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாகவா, வங்கிக்கு நேரடியாகவா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அமேசன் போன்ற அமெரிக்க நிறுவனத்திடம் உரிமைத்தொகை பெறுவதானால் டபிள்யூ-8பென் என்ற வெளிநாட்டாருக்கான அமெரிக்க வரிப் படிவத்தைச் சரியாக நிரப்புங்கள். விட்டால் 30 வீதம் வரியாகப் பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதால் அதைக் குறைக்க வழியுண்டு.

குச்சவெளி, ஓர் அம்மா: மகள் இரவிரவாகப் பேய்க்கதை எழுதுகிறாள். ஏதும் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது பிள்ளை.

அம்மா, பயத்தை வெளியே எடுத்து வைக்கிற பிள்ளைக்கு ஒன்றும் பிடிக்காது. நித்திரை கெடுவதுதான் கவலை. விடிய எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த பழைய கதைகளையும் அவளுக்குச் சொல்லுங்கள். அவை வேறெங்கும் அவளுக்குக் கிடைக்காது.

ஈச்சிலம்பற்று, வாசகர்: போகும் இடமெல்லாம் நிராகரிப்பு. கதையைத் திரும்ப எழுதவா?

இதழாசிரியர் காரணம் எழுதியிருந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசியுங்கள். அச்சடித்தாற்போல் இரண்டு வரி மட்டும் வந்திருந்தால் கதையில் கை வைக்காமல் அன்றைக்கே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். எங்கே, எப்போது அனுப்பினீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பச் சில இதழ்கள் விடாது, அதையும் அந்தக் கொப்பியிலேயே எழுதுங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல் அடுத்த கதையைத் தொடங்குங்கள்.