டாட் காம் கிடைக்கவில்லை, டாட் இன் வாங்கலாமா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் வீட்டுக்காரரும் மரச்செக்கு போட்டுத் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறார்கள். ஈரோடு, திருப்பூர், கரூர் வரை பார்சல் போகிறது. வெப்சைட்டுக்கு யோசித்து வைத்திருந்த பெயரை டாட் காமில் யாரோ முன்பே பதிந்துவிட்டு, இப்போது இரண்டு லட்சம் கேட்கிறாராம். வெப்சைட் செய்து தரும் தம்பியோ, "டாட் ஆன்லைன் 99 ரூபாய்க்கு வருதுங்கக்கா, எடுத்துடலாம்" என்கிறாராம். டாட் இன், டாட் கோ டாட் இன், டாட் ஷாப், தமிழிலேயே டாட் இந்தியா என்று இத்தனை இருக்கிறதே, எதை எடுப்பது, எது கூகுளில் முன்னால் வரும் என்று கேட்கிறார்.

டாட் இன் எடுங்கள். இரண்டு லட்சம் கொடுக்க வேண்டாம்.

முதலில் கூகுள் விஷயம். டாட் ஷாப் என்று முடிவதாலேயே ஒரு கடையை அது மேலே தூக்கி வைக்காது. நாட்டுக்குரிய பெயர்களில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. டாட் இன் என்றால் இது இந்தியாவில் உள்ளவர்களுக்கான தளம் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் வாடிக்கையாளர்கள் இங்கேதானே இருக்கிறார்கள், அது உங்களுக்குச் சாதகம். நாளைக்கு துபாய்க்கு எண்ணெய் அனுப்பும் யோசனை இருந்தால் மட்டும் டாட் காம் கொஞ்சம் தோதுப்படும். அதற்கும் பெயரைச் சற்று மாற்றி, ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தேடினால் சாதாரண விலைக்கே கிடைத்துவிடும்.

டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்கிற இந்திய அமைப்பு. 2005-லிருந்துதான் யார் வேண்டுமானாலும் நேரடியாக டாட் இன் வாங்க முடிந்தது. பழைய கம்பெனிகள் பல டாட் கோ டாட் இன் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று புதிதாகத் தொடங்குபவர் அந்த நீளத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

99 ரூபாய்க்கு வருகிறேன் என்கிற பெயரிடம் உஷாராக இருங்கள். அது முதல் வருட விலை. டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர் போன்ற புதிய பெயர்களுக்கு இரண்டாம் வருடம் புதுப்பிக்கும்போது ஆயிரக்கணக்கில் பில் வரும். டாட் இன் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். வாங்கும் பக்கத்தில் 'ரினியூவல்' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, போனில் ஆர்டர் எடுக்கிறீர்கள் அல்லவா? டாட் ஷாப் என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் "ஷாப் டாட் காமுங்களா?" என்றுதான் கேட்பார்கள். டாட் இன் என்றால் அந்தக் குழப்பம் வராது.

அதைவிடப் பெரிய குழப்பம் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. செக்கு என்பதைச் சிலர் 'சி ஹெச்' போட்டு ஆரம்பிப்பார்கள், சிலர் 'எஸ்' போடுவார்கள். காங்கேயத்துக்கு நடுவில் 'இ' போடுபவரும் உண்டு, 'ஏ' போடுபவரும் உண்டு. கரூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் பெயரைச் சொல்லி, அவர் கையால் டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் எப்படி அடிக்கிறாரோ அதையும் சேர்த்து டாட் இன்னில் வாங்கி, உங்கள் தளத்துக்கே திருப்பி விடுங்கள். ஒரே பெயரை டாட் ஷாப், டாட் ஸ்டோர் என்று ஐந்தாறு விதமாக வாங்கி வைப்பதைவிட இதற்குச் செலவு செய்வது மேல். நடுவில் கோடு, எண் எல்லாம் வேண்டாம்.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா வாங்கலாம், எனக்கும் அது பிடித்த விஷயம்தான். ஆனால் பிரவுசர் அதை உள்ளுக்குள் 'எக்ஸ் என்' என்று ஆரம்பிக்கும் நீண்ட ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்கிறது. லிங்க்கை நகல் எடுத்து அனுப்பினால் சில இடங்களில் அந்தக் கோவைதான் தெரியும். தமிழ் முகவரியில் இமெயில் வைத்தால் பல தளங்கள் ஏற்காது. இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளுங்கள், முதல் பெயராக வேண்டாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். பெயரைப் பதிவது உங்கள் கணக்கில் நடக்க வேண்டும். உங்கள் பெயர், உங்கள் இமெயில், உங்கள் செல்போன் எண். வெப்சைட் செய்யும் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவர் கணக்கில் பதிந்து, அவர் நாளை வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் இமெயில் அவருக்குத்தான் போகும். காலாவதியானால் உடனே பெயர் பறிபோய்விடாது, மீட்கக் கொஞ்சம் அவகாசம் தருவார்கள். ஆனால் தாமதமாக மீட்டால் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். டின் டின்னாக ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிய பிறகு அந்த முகவரியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்?

அதனால் நீங்களே உட்கார்ந்து கணக்கு தொடங்கி, முடிந்தால் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். தம்பிக்குத் தளத்தை இணைக்க வேண்டிய அளவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பதிவு உறுதியான இமெயில் உங்களுக்கு வந்த பிறகு ஸ்டிக்கர் அச்சடிக்கக் கொடுங்கள்.