நாலு விநாடி

கேள்வி: மகனுடன் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். சுவர்களில் நம் பெயர்களைப் பார்த்துவிட்டு, "தமிழர் யாராவது விக்டோரியா கிராஸ் வாங்கியிருக்கிறார்களா?" என்று கேட்டான். தேடிப் பார்த்ததில் சுபேதார் சுப்பிரமணியன் என்பவர் ஜார்ஜ் கிராஸ் வாங்கியது தெரிந்தது. "அப்போ இரண்டாம் பரிசா?" என்கிறான். என்ன சொல்லட்டும்?
- ஒரு வாசகி, ஈசூன்

பதில்: இரண்டாம் பரிசு இல்லை என்று அடித்துச் சொல்லுங்கள், அம்மா. இரண்டும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கங்கள்; இரண்டுக்கும் ஒரே தகுதி. எதிரியோடு நேருக்கு நேர் மோதும்போது காட்டிய வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். எதிரி கண்ணெதிரே இல்லாத இடத்தில் உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஜார்ஜ் கிராஸ். 1940 செப்டம்பரில், லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாள்களில், ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தியது. வெள்ளிச் சிலுவை, கருநீல நாடா. பின்புறம் வாங்கியவரின் பெயரைப் பொறித்திருப்பார்கள்.

சுப்பிரமணியன் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் சுபேதார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அந்தப் பிரிவின் வேலை. அந்தப் படையினரை இன்றும் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு எப்போதும் மனசு நெகிழும்.

இரண்டாம் உலகப் போர், 1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிக்னானோ என்ற இடம். அவருடைய ஆட்கள் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மானியர்கள் புதைத்துவைத்த 'எஸ்' வகை வெடியைப் பற்றி மகனுக்கு விளக்கிச் சொல்லுங்கள். மிதித்த உடனே அது வெடிக்காது. நாலு விநாடி போல இடைவெளி உண்டு. அப்புறம் இடுப்பு உயரத்துக்கு எகிறி வெடித்து, முந்நூற்றுக்கும் மேற்பட்ட இரும்புக் குண்டுகளை நாலாபக்கமும் சிதறடிக்கும். சுற்றி நிற்பவர்கள் தப்ப முடியாது. வெடி மிதிபட்டது தெரிந்ததும் சுப்பிரமணியன் அதன் மேலேயே விழுந்தார். தன் உடம்பால் மூடி, கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவர் இறந்துபோனார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நீங்களும் மகனும் வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். ஓடுவதற்கும் அவருக்கு அதே நேரம்தான் இருந்தது. அந்தப் பதக்கத்தை நான் இவ்வளவு பெரிதாக நினைப்பதற்கு அதுதான் காரணம்.

அவருக்குக் கல்லறை கிடையாது. இந்து முறைப்படி தகனம் செய்யப்பட்டவர்களுக்காக இத்தாலியில் சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் தனி நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் பெயர் அதில்தான். நம் கிராஞ்சியிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ள பெரிய சுவர்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் போனால், தகனம் செய்யப்பட்ட சுமார் 800 பேருக்கான நினைவுச்சின்னம் தெரியும். பெரும்பாலும் இந்திய ராணுவத்தினர். நான் போகும்போது தேக்காவில் ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு போய் அங்கே வைப்பேன். விரலால் எழுத்தைத் தடவி ஒரு பெயரையாவது சத்தமாகப் படிப்பேன். மகனையும் படிக்கச் சொல்லுங்கள்.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்த மேட்டில் வெயில் தாங்காது.