பேஸ் கிட்டாரில் மியூட்டிங் என்றால் என்ன? சரியான சுரம் வாசித்தும் ஏன் இரைச்சலாகக் கேட்கிறது?

வாசிக்காத கம்பிகளைக் கையால் தொட்டு அடக்கி வைப்பதுதான் மியூட்டிங்.

காரணம் கம்பியிலேயே இருக்கிறது. பேஸின் தடித்த ஈ கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். மீட்டினால் லேசில் ஓயாது. போதாக்குறைக்கு, ஒன்றை மீட்டினால் பக்கத்துக் கம்பியும் தானாக அதிரும். இரண்டு தாழ்ந்த ஒலிகள் கலந்தால் காதுக்குப் பிரித்தறிவது கஷ்டம், கொழகொழவென்றுதான் கேட்கும். கீழே விழுந்து அலறும் எவர்சில்வர் தட்டின் மேல் கை வைத்ததும் சட்டென்று அடங்குகிறதே, அதே கதைதான்.

பேஸின் நான்கு கம்பிகள், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, ஈ, ஏ, டி, ஜி. ஜி கம்பியில் வாசிக்கும்போது வலது கட்டைவிரலை ஈ, ஏ கம்பிகள் மேல் சாய்த்து வையுங்கள். மீட்டிய விரல் டி கம்பியில் வந்து மோதி நிற்கட்டும், அதுவும் அடங்கிவிடும். சுரத்தை முடிக்க, இடது விரலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள், ஆனால் கம்பியை விட்டு எடுக்காதீர்கள். மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரு தட்டுக்குச் சுரம், அடுத்த தட்டுக்கு முழு மௌனம். சலிப்பான பயிற்சிதான், ஆனால் மணிக்கணக்கில் ஸ்கேல் (சுர வரிசை) ஓட்டுவதைவிட இது உதவும் என்பேன்.

அப்புறம் கற்பனைக்கும் இங்கேயே இடம் உண்டு. அடக்கிய கம்பியை மீட்டினால் சுரமில்லாத 'டக்' வரும். இரண்டே சுரங்களுக்கு நடுவே அதை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், தாளமே நடக்க ஆரம்பிக்கும். அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பிகளை அடக்க பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பகுதி) மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சே வைத்திருந்தார்.

ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கும் முறை) வாசிப்பவர்களுக்குத்தான் மியூட்டிங் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மெதுவான பாட்டில்தான் தேவையற்ற கம்பியின் முனகல் பளிச்சென்று தெரியும்.