கடலைச் செடிக்கு ஒரு முனைவர் பட்டமா?

அம்மா, உங்கள் மகள் பயிர் இனப்பெருக்கம் படித்து, கொண்டைக்கடலையின் வாடல் நோயில் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள். "இதற்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறீர்கள். அதற்கு முன், அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நோய்க்குக் காரணம் ஃபியூசேரியம் என்ற மண்வாழ் பூஞ்சை. வாடிய செடியின் தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே கருத்துப்போயிருக்கும். கடலையே விதைக்காமல் விட்டாலும் பூஞ்சை 6 ஆண்டுகள் வரை மண்ணில் காத்திருக்கும். எனவே எதிர்ப்புத்திறன் உள்ள ரகம்தான் நம்பகமான வழி. அதைத் தேட, நோய்ப் பூஞ்சையை வேண்டுமென்றே பெருக்கிவைத்த வயலில் விதைக்கிறார்கள். நடுநடுவே எளிதில் நோய்க்கு ஆளாகும் ஜேஜி 62 ரகமும் ஒரு வரிசை இருக்கும். அது செத்தால்தான் வயலில் நோய் இருப்பது உறுதியாகும், சோதனையும் செல்லும். செடி சாவதைப் பார்த்து நிம்மதியடையும் தொழில் வேறு உண்டா, தெரியவில்லை!

கலப்பு செய்வது இன்னும் நுணுக்கம். விரியாத மொட்டை இடுக்கியால் திறந்து, உள்ளேயிருக்கும் 10 மகரந்தப்பைகளையும் நீக்கிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். கை சற்று அழுத்தினால் மொட்டு உதிர்ந்துவிடும். பிடித்த காயிலும் ஒன்றிரண்டு விதைதான். அங்கிருந்து ஒரு ரகம் வெளியாகச் சுமார் 10 ஆண்டுகள் ஆகலாம். வேண்டிய மரபணு எந்தச் செடியில் இருக்கிறது என்று காட்டும் டிஎன்ஏ அடையாளங்களான மூலக்கூறு குறிப்பான்கள் வந்தபின் தேர்வு விரைவாகியிருக்கிறது. அண்ணிகேரி 1 ரகத்துக்கு டபிள்யூஆர் 315 என்ற கடலை வகையிலிருந்து வாடல் எதிர்ப்புத்திறனைக் கொண்டுவந்து சூப்பர் அண்ணிகேரி 1 உருவானது அப்படித்தான். இந்த ஒரே பூஞ்சைக்குள்ளும் 8 உள்வகைகள் அறியப்பட்டுள்ளன. ஓரிடத்தில் தாக்குப்பிடிக்கும் ரகம் இன்னோரிடத்தில் வாடலாம். ஆகவே இந்த வேலை சீக்கிரம் தீர்ந்துபோகாது.

வேலைக்கு வருவோம். இளநிலையோடு நின்றால் பெரும்பாலும் விதை நிறுவனங்களில் களப்பணியோ விற்பனையோதான். ஆராய்ச்சியாளர் ஆக முனைவர் பட்டம் வரை போக வேண்டும். போனால் வேளாண் பல்கலைக்கழகங்கள், ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், கான்பூரிலுள்ள இந்தியப் பருப்பு ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் வாய்ப்புத் தேடலாம். புள்ளியியலில் அவள் பலவீனம் என்றால் இப்போதே சரிசெய்யட்டும். இதில் நான் கறாராகவே சொல்கிறேன்.

பூக்கும் பருவத்தில் பத்து நாள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உதவிக்குப் போய்வரட்டும். திரும்பியதும் சம்பளப் பேச்சை எடுக்காதீர்கள். எத்தனை மொட்டில் கலப்பு செய்தாய், எத்தனை காய் பிடித்தது என்று கேளுங்கள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தால் விண்ணப்பப் படிவத்தை நிரப்பலாம்.