கேளுங்கள், சொல்கிறேன்

கே: கடையில் பெட்டியைப் பிரித்துக் காதில் வைத்துப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள். ஆன்லைனில்தான் வாங்கணும். பட்ஜெட் 1,500 ரூபாய். நாகஸ்வரக் கச்சேரிதான் அதிகம் கேட்பேன். எந்த ஹெட்போன் வாங்கலாம்?
- வாசகர், ஆடுதுறை

ப: நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறென்ன கேட்பீர்கள்! பெட்டியில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதில் மயங்காதீர்கள். மனிதக் காதின் எல்லையே அவ்வளவுதான்; அநேகமாக எல்லாக் கம்பெனியும் அதையேதான் அச்சடிக்கிறது. 'எக்ஸ்ட்ரா பாஸ்' (கூடுதல் அடித்தொனி) என்று கொட்டை எழுத்தில் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். தவிலில் குச்சி விழும் இடப்பக்கமான தொப்பி மட்டும் தொம்தொம்மென்று வீங்கும். வலப்பக்கமான வலந்தலையில் கூடு (விரலுறை) மாட்டிய விரல்கள் பேசும் சொற்கட்டு அதில் அமுங்கிப்போகும். தவில்காரர் பாடுபட்டதெல்லாம் வீண்.

இந்த விலையில் ப்ளூடூத்தைவிட வயர் வைத்ததில்தான் காசு ஒலிக்குப் போகிறது என்பது என் கட்சி. உங்கள் போனில் ஹெட்போன் வயர் சொருகும் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா, பாருங்கள். ஹெட்போனின் 'இம்பிடன்ஸ்' (மின்மறுப்பு) 16 அல்லது 32 ஓம் என்றால் போனே சமாளிக்கும். 250 ஓம் ஸ்டுடியோ ரகத்துக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

விமர்சனங்களில் மூன்று நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதியவர் இன்னும் உத்தமம். நம் ஊர்ப் புழுக்கத்தில் காதில் படும் ரெக்ஸின் மெத்தை வேர்வையில் உரியும், தனியாக மெத்தை கிடைக்கிறதா என்று தேடிவையுங்கள். 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்றிருந்தால் வேண்டாம். பணம் திரும்பி வருகிற இடத்தில் ஆர்டர் போடுங்கள்.